புது வருஷ பிளான வருஷத்துக்குப் போடாதீங்க, சித்திரை வரைக்கும் போடுங்க

மதுரை மேலமாசி வீதில கதர்க்கடை இருக்குல்ல, உள்ள போய் துண்டு, போர்வை, சோப்புன்னு வாங்கிட்டு பேசாம வந்துருவோம், ஆனா அந்தக் கட்டடத்துல தங்கியிருந்தப்பதான் 1921 செப்டம்பர் 22ம் தேதி காந்தி சட்டை தொப்பி எல்லாத்தையும் விட்டுட்டு இடுப்புல ஒத்தத் துணியோட வெளிய வந்தாரு. இது மதுரைல பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். நமக்கு யாரும் சொல்லித்தராத பாதி ஒண்ணு இருக்கு. அன்னைக்கு அவர் எழுதின அறிக்கைல இனிமே ஆயுசுக்கும் நான் இப்படித்தான்னு எழுதல, அக்டோபர் 31 வரைக்குமாவது தொப்பியும் மேல்சட்டையும் போட மாட்டேன்னுதான் எழுதுறாரு. அஞ்சாறு வாரம், அம்புட்டுதான். கெடு வச்சு ஆரம்பிச்சது, அப்படியே 1948 வரைக்கும் போயிருச்சு.

அதுக்கு முன்னாடியே ரெண்டு தடவ இதே யோசனை அவருக்கு வந்திருக்கு. வங்காளத்துல பாரிசால்ல ஒருக்கா, அப்புறம் விசாகப்பட்டினத்து வால்டேர்ல, கூட வந்த கிலாபத் தலைவர் மௌலானா முகமது அலிய கண்ணு முன்னாடி கைது பண்ணப்ப ஒருக்கா, ரெண்டு தடவையும் செய்யல, மூணாவதா மதுரைக்கு வந்துதான் செஞ்சாரு. அதனால போன வருஷம் எழுதுன லிஸ்ட்டையே இந்த வருஷமும் எழுதிட்டு இருக்கவங்க ரொம்ப வெக்கப்பட வேண்டாம், காந்திக்கே மூணாவது ரவுண்டுலதான் அமைஞ்சிருக்கு.

இத ஏன் இப்ப இழுக்குறேன்னா, டிசம்பர் கடைசில நம்ம ஆளுங்க போடுற பிளான் எல்லாத்துலயும் எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தும். எல்லாமே ஜனவரி 1ல ஆரம்பிச்சு டிசம்பர் 31ல முடியுது. நான் ஒரு மளிகை மொத்தக்கடைல கணக்கு எழுதுறேன், கடைல எந்த முதலாளியும் வருஷத்துக்கு மொத்தமா சரக்கு எடுக்க மாட்டாரு, பொங்கலுக்கு வெல்லம், பச்சரிசி, சித்திரைக்கு பானகம் மோருக்கு தேவையானது, ஆடிக்கு ஒரு கணக்கு, தீபாவளிக்கு கடலை மாவும் நெய்யும், இப்படி துண்டு துண்டாத்தான் யோசிப்பாரு. அடுத்த தீபாவளிக்கு எம்புட்டு நெய் ஓடும்னு ஜனவரில கேட்டா சிரிப்பாரு. அதே மனுஷன் வீட்டுக்குப் போய் டைரில இந்த வருஷம் 15 கிலோ குறைக்கணும்னு எழுதுறாரு, நான் பாத்தேன்.

மதுரைல இருக்கவங்களுக்கு வருஷத்த வெட்டி வைக்க வேண்டிய வேலையே இல்ல, ஏற்கனவே வெட்டித்தான் கிடக்கு. தை பொறந்தா அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர், அப்புறம் தைப்பூசத்துக்கு தெப்பம், பங்குனில திருப்பரங்குன்றம், சித்திரைல கேக்கவே வேண்டாம் ஊரே நம்ம கைல இருக்காது, ஆடில முளைக்கொட்டு, ஆவணி மூலத்துல புட்டுத் திருவிழா, புரட்டாசில கொலு, அப்புறம் தீபாவளி, மார்கழில சப்பரம். ரெண்டு மாசத்துக்கு மேல சும்மா இருக்க விடாது இந்த ஊரு. இன்னொண்ணும் சொல்லுவேன். மீனாட்சியே வருஷம் பூரா ஆட்சி பண்றதா கணக்கு கிடையாது, சித்திரைல பட்டாபிஷேகம் பண்ணி செங்கோல் வாங்கினா ஆவணி வரைக்கும் நாலு மாசம் அம்மா ஆட்சி, ஆவணி மூலத்துல செங்கோல் அய்யா கைக்குப் போயிரும். ஊரையே ஆளுறவளே நாலு மாசத்துக்குத்தான் பொறுப்பு எடுத்துக்குறா, நாம என்னடான்னா 365 நாளையும் ஒரே மூச்சுல தூக்கி தலைல வச்சுக்குறோம்.

சரி என் விஷயத்துக்கு வாரேன். இந்த வருஷம் எனக்கு ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, தாலிச்செயினத் திருப்பணும். ரெண்டாவது நடக்கணும். ஸ்போக்கன் இங்கிலீஷ், தையல் கிளாஸ், தோட்டம் எல்லாம் மனசுல இருக்கு, லிஸ்ட்டுல இல்ல.

செயின் கதை இது. ஆகஸ்ட்ல மாடி ஒழுகி ஹால்ல வாளி வைக்கிற நிலைமை, தளம் போட்டே ஆகணும்னு ஆயிருச்சு, என் தாலிச்செயினும் ரெண்டு வளையலும் பேங்க்ல வச்சோம். அங்க ஒரு காரியம் நல்லா பண்ணோம், அத இங்க எல்லாருக்கும் சொல்லணும், ரெண்டையும் ஒரே லோனா வைக்கல, தனித்தனி லோனா போடச் சொல்லி வச்சோம். ஏன்னா எல்லா நகையையும் ஒரே லோனா வச்சுட்டா பெரும்பாலும் மொத்தத்தையும் கட்டி முடிச்சாத்தான் கையில தருவாங்க, பாதி பணம் இருந்தாலும் ஒண்ணும் செய்ய முடியாது, வட்டிய மட்டும் கட்டி மறுபடி மறுபடி மாத்தி வச்சுட்டே இருப்போம், வருஷம் ஓடிரும். தனித்தனியா இருந்தா ஒண்ணு ஒண்ணா மீட்டுக்கலாம். எழுதுறதுக்கு சோலி கொஞ்சம் ஜாஸ்தின்னு பேங்க்ல முகத்த சுளிப்பாங்க, பரவால்ல, கேளுங்க.

செயின் மேல வாங்கினது 48,000. வளையல் மேல 72,000. வட்டி 9 சதவீதம். மொத்தமா பாத்தா 1,20,000, அத ஒரு பேப்பர்ல எழுதி பக்கத்துல என் சம்பளத்த எழுதுனா அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராது. அதனால வளையல இப்போதைக்கு மறந்தாச்சு. செயின் மட்டும்தான், அதுவும் மீனாட்சி திருக்கல்யாணத்துக்குள்ள. அது ஏன்னு மதுரைப் பொம்பளைங்களுக்கு சொல்ல வேண்டாம். திருக்கல்யாணத்தன்னைக்கு சாமிக்குத் தாலி ஏறுற நேரத்துல நாங்க எல்லாரும் புதுக்கயிறு மாத்துவோம், கோயிலுக்குள்ள போக முடியாதவங்க வீட்ல டிவி முன்னாடி நின்னு மாத்துவாங்க. இப்ப நான் மஞ்சக்கயிறுலதான் போட்டுருக்கேன், அன்னைக்கு செயின்ல கோக்கணும். திருவிழா சில வருஷம் ஏப்ரல்ல வரும், சில வருஷம் மே வரைக்கும் இழுக்கும், நான் ஏப்ரல்னே வச்சுக்கிட்டேன், தள்ளிப் போனா லாபம்.

கணக்கு பாருங்க. அசல் 48,000, ஆகஸ்ட்ல இருந்து ஏப்ரல் கடைசி வரைக்கும் வட்டி கிட்டத்தட்ட மூவாயிரம், ஆக 51,000. எங்க தெருவுல ஒரு அக்கா நடத்துற குலுக்கல் சீட்டுல பிப்ரவரி மாசம் எனக்குன்னு பேசி வச்சாச்சு, அது 30,000 வரும், அதுக்கப்புறமும் மாசாமாசம் 3,000 கட்டணும்தான், ஆனா அது ஏற்கனவே வீட்டுச் செலவுல சேந்ததுதான், புதுசா ஒரு பாரம் இல்ல. மிச்சம் 21,000. ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் நாலு சம்பளம், ஒரு சம்பளத்துக்கு 5,250.

இந்த 5,250 எங்க இருந்து வரும்ங்கிறதுதான் பிளானே. மிச்சப்படுத்துவேன்னு எழுதி வைக்கிறதெல்லாம் பிளான் கிடையாது, எந்தச் செலவுல இருந்துன்னு பேரோட எழுதணும். ஞாயித்துக்கிழமை ஒரு கிலோ கறி அரைக்கிலோவா ஆகுது, கூட உருளைக்கிழங்கு போட்டு குழம்ப பெருசாக்கிக்கலாம், அதுல மாசம் ஒரு 1,600. ஃபோன்ல பாத்துப் பாத்து ஆர்டர் போடுற சேலை, பாத்திரம், அந்தக் கண்றாவி எல்லாம் சேத்து 1,000, அந்த ஆப்ப அழிச்சாச்சு. எங்க வீட்டுக்காரர் கிட்ட இருந்து 2,000, அது எப்படின்னு பின்னாடி சொல்றேன். ஆக 4,600. மிச்சம் 650க்கு இன்னும் வழி தெரியல. தெரியலைன்னே நோட்டுல எழுதி வச்சுருக்கேன், பொய்யா ஒரு பேர் எழுதி கணக்க நேர் பண்ணல, கடைக்கணக்குல அப்படி நேர் பண்ணா மார்ச்ல மாட்டிக்குவோம், வீட்டுக்கணக்குலயும் அதேதான். மார்ச்ல கணக்கு முடிக்கிற சமயத்துல ராத்திரி வரைக்கும் உக்காந்தா முதலாளி கொஞ்சம் சேத்துக் கொடுப்பாரு, ஆனா அத பிளான்ல சேக்கல, வந்தா வரட்டும், வராத காச செலவுக் கணக்குல எழுதக் கூடாதுன்னு எனக்கு ஒரு பிடிவாதம்.

இதுல ஒரு கண்ணி இருக்கு. பவுன் விலை ஏற ஏற, அதே நகைக்கு இன்னும் கூட பணம் தரலாம்னு ஆகும். வட்டி கட்ட போனா கவுன்டர்ல, அக்கா இதுக்கு மேலயே இன்னொரு பத்தாயிரம் வாங்கிக்கலாமே, விலை ஏறிருச்சுல்லன்னு ரொம்ப அன்பா கேப்பாங்க. அவங்க வேலை அது. அந்தக் கேள்விக்கு அங்க நின்னு யோசிச்சா வாங்கிட்டுத்தான் வருவோம், அதனால வீட்லயே பதில எழுதியாச்சு: கேட்டா, வேண்டாம்ப்பா, திருப்பப் போறேன்னு சொல்லணும். இம்புட்டுதான் வசனம். சிரிப்பா இருந்தாலும் முன்னாடியே வாய்ல இருக்கணும்.

கழுத்துல கிடக்குற மஞ்சக்கயிறு நாள் பூரா ஞாபகப்படுத்திக்கிட்டே இருக்கு பாருங்க, அங்கதான் இன்னொரு விஷயம் எனக்கு ஓடுச்சு. நம்ம பெரியவங்க வேண்டுதல் வச்சா எப்படி வைப்பாங்க? காப்பு கட்டுவாங்க. மாலை போடுவாங்க. எங்க வீட்டுக்காரரோட கூட்டாளி ஒருத்தரு, வருஷத்துல எந்த மாசம் பாத்தாலும் சாயங்காலமானா தண்ணிதான், கார்த்திகை 1ம் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டா 41 நாள் மனுஷன் அந்தப் பக்கமே போக மாட்டாரு, வெள்ளன எந்திரிச்சு பச்சத்தண்ணில குளிப்பாரு, செருப்பு போட மாட்டாரு, யாரையும் வாடா போடான்னு பேச மாட்டாரு. அதே ஆளுதான், அதே தெருதான், அதே கடை அங்கயேதான் இருக்கு. என்ன வித்தியாசம்னா எத்தன நாள்னு தெரியும், கழுத்துல மாலை கிடக்கு, கூட்டாளிங்க யாரும் வாய்யான்னு கூப்பிட மாட்டாய்ங்க, சாமின்னுதான் கூப்பிடுவாய்ங்க. மலைக்குப் போயிட்டு வந்து மாலையக் கழட்டின மறுநாள் பழையபடி ஆரம்பிச்சுருவாரு, அது வேற சங்கதி, அதுக்கு அவர் பொண்டாட்டி மாசாமாசம் மாலை போட்டு விடணும்னு புலம்பும். ஆனா அந்த 41 நாள் நிஜம். அந்த வீட்ல அந்த 41 நாள்ல மிச்சமான காசுலதான் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுனாங்க.

காந்தி பண்ணதும் கிட்டத்தட்ட இதேதான்னு தோணுது. கெடு இருந்துச்சு, பாக்குறவன் எல்லாருக்கும் உடம்புலயே தெரிஞ்சுச்சு. மனசுக்குள்ள ரகசியமா, இனிமே கதர் மட்டும்தான் உடுத்துவேன்னு நினைச்சுட்டு சட்டையோட கிளம்பியிருந்தாருன்னா, அந்தக் கோலத்துல அவர் ஜனங்க முன்னாடி நின்ன எடம்னு காமராசர் சாலைல காந்தி பொட்டல்னு ஒண்ணு இருந்திருக்கவே இருக்காது.

இப்ப அந்த 2,000 எங்க இருந்துன்னு சொல்றேன். எங்க வீட்டுக்காரரு குட்டியானை ஓட்டுறாரு, மாட்டுத்தாவணி மார்க்கெட்ல இருந்து காய் லோடு, வேலை முடிய ராத்திரி பதினொண்ணு ஆகும் சில நாள் பன்னெண்டும் ஆகும், மதுரைல அந்த நேரத்துக்கு கடை மூடியிருக்கும்னு யாராவது நினைச்சா அவங்க இந்த ஊர்க்காரங்க இல்ல. அண்ணா நகர்ப் பக்கம் ஒரு கடை, ரெண்டு பரோட்டா, சால்னா, ஒரு கலக்கி, கூட உதவிக்கு வர்ற பையனுக்கும் வாங்கிக் கொடுக்கணும்ல, ராத்திரிக்கு நூறு ரூபா போகும், மாசத்துல இருபது நாள்னு வச்சா 2,000. டாக்டரும் ராத்திரி மைதா வேண்டாம்னுட்டாரு. விடணும்னு அவரும் ரொம்ப நாளா சொல்லிட்டுத்தான் இருந்தாரு.

ஏங்க, கடைக்குப் போகாம இருக்கிறது கஷ்டமா, இல்ல கடை முன்னாடி வண்டிய நிறுத்தாம இருக்கிறது கஷ்டமான்னு கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, அந்த கல்லுல கரண்டி தட்டுற சத்தம் கேட்டா கை தானா ஸ்டியரிங்க ஓரமா திருப்பிரும்டின்னாரு. அப்ப அந்த சத்தமே கேக்காத ரோட்ல வாங்கன்னேன். இப்ப என்ன முடிவுன்னா, அண்ணா நகர் வழியா வராம பாண்டிகோயில் ரிங் ரோட்டப் புடிச்சு விரகனூர் சுத்தி வாரது. ரெண்டு மூணு கிலோமீட்டர் கூட வரும், டீசல் கொஞ்சம் ஆகும், பரோட்டா விலைக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல. வீட்ல இட்லி, ஹாட்பாக்ஸ்ல. அந்தப் பையனுக்கும் சேத்து நாலு இட்லி கட்டிக் கொடுத்து விடுறேன், அவன் பாவம் என்ன செஞ்சான். அதுவும் முதல் கெடு தை தெப்பம் வரைக்கும்தான், மிச்சத்த அப்புறம் பேசிக்கிறது. தெப்பத்தன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் போய் பரோட்டா சாப்பிடுறதுன்னு தேதி குறிச்சாச்சு, அதுக்காகவே மனுஷன் ஒழுங்கா இருப்பாருன்னு நினைக்கிறேன்.

என் அண்ணன் மக காலேஜ்ல சைக்காலஜி படிக்கிறா. இந்தக் கதைய கேட்டுட்டு, அத்தை, இதுக்கு 1965லயே ஆராய்ச்சி பண்ணி வச்சுருக்காங்கன்னா. அமெரிக்கால யேல் யுனிவர்சிட்டில ஸ்டூடண்ட்ஸ் கிட்ட டெட்டனஸ் ஊசி போட்டுக்கோங்கன்னு சொல்லியிருக்காங்க, நோய் வந்தா என்ன ஆகும்னு பயமுறுத்துற படமெல்லாம் போட்டுக் காட்டி. எல்லாரும் ஆமா ஆமா போடணும்னு தலைய ஆட்டுறாங்க, ஆனா போய் போட்டுக்கிட்டது நூத்துக்கு 3 பேரு. இன்னொரு குரூப்புக்கு அதே பாடத்தோட கூட ஒரு மேப்பு, அதுல ஹெல்த் சென்டர வட்டம் போட்டுக் காமிச்சு, உன் டைம் டேபிள பாரு, எந்தக் கிழமை எந்நேரம் அந்தப் பக்கம் போவன்னு யோசிச்சு வைக்கச் சொன்னாங்க. அதுல 28 பேரு போயிருக்காங்க. இத்தனைக்கும் அந்த இடம் எங்க இருக்குன்னு அவங்களுக்கு ஏற்கனவே தெரியும், அங்கயே படிக்கிற பிள்ளைங்கதான. தெரிஞ்ச இடத்துக்கே வழியும் நேரமும் எழுதி வச்சாத்தான் மனுஷன் போறான்.

என் நடைப்பயிற்சிக்கும் அதனால மேப்புதான். எங்க வீடு அனுப்பானடி, தெப்பக்குளம் கிட்டக்கதான். தெப்பக்குளத்த ஒரு சுத்து சுத்துனா ஒரு கிலோமீட்டருக்கு மேல வரும். திருமலை நாயக்கர் மகாலு கட்ட மண்ணு எடுத்த குழியத்தான் பின்னாடி குளமா கட்டிட்டாங்கன்னு சொல்லுவாங்க, தோண்டுறப்பதான் முக்குறுணிப் பிள்ளையார் கிடைச்சாருன்னும் சொல்லுவாங்க, எப்படியோ அவர் புண்ணியத்துல காலைல பாதி மதுரை அங்கதான் தொப்பைய குறைக்குது. மார்கழி மாசம் எப்படியும் அஞ்சு மணிக்கு கோலம் போட எந்திரிச்சுத்தான் ஆகணும், என் மாமியார் விடாது. அதனால புதுசா அலாரம் எல்லாம் வைக்கல, கோலப்பொடி டப்பாவ உள்ள வச்ச கையோட செருப்ப மாட்டிட்டு கிளம்புறது, 5.45க்கு மாரியம்மன் கோயில் வாசல்ல எதுத்த வீட்டு அக்கா நிக்கும். அக்கா வரலைன்னா நான் மட்டும் ஒரு சுத்து. மழைன்னா மொட்டமாடி, நகைய பேங்க்ல வச்சு புதுசா தளம் போட்ட மாடி, அதுலயும் நாலு நடை நடந்து பாத்துக்குவோம்.

இதுவும் தெப்பத் திருவிழா வரைக்கும்தான். தெப்பத்தன்னைக்கு அங்க நடக்க முடியாது, நிக்கவே இடம் இருக்காது. அதுக்கப்புறம் கோலம் முடிஞ்சிருக்கும், வெயில் மெல்ல ஏற ஆரம்பிக்கும், நேரத்த மாத்தணுமா இடத்த மாத்தணுமான்னு அப்ப உக்காந்து பேசிக்கிறது. சித்திரை வெயிலுக்கான ஏற்பாட்ட மார்கழிக் குளிர்ல போட்டா சரியா வராது, போத்திக்கிட்டு இருக்கப்ப மனுஷன் என்ன வேணா வாக்கு கொடுப்பான்.

21 நாள் செஞ்சா பழக்கமாயிரும்னு வாட்ஸ்அப்ல சுத்துதே, அதையும் அந்தப் பிள்ளைகிட்ட கேட்டேன். அது 1960ல ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் எழுதுனதுல இருந்து வந்ததாம், மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு பேரு, ஆபரேஷன் பண்ணவங்க தன் புது முகத்துக்குப் பழக குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு சொன்னாரு, அத புடிச்சு வாக்கிங்குக்கும் யோகாவுக்கும் மாத்திட்டாங்க. லண்டன்ல ஒரு யுனிவர்சிட்டில 96 பேர வச்சுப் பாத்ததுல ஒரு பழக்கம் ஒட்டிக்க நடுத்தரமா 66 நாள் ஆச்சாம், ஆனா ஆளுக்கு ஆள் 18ல இருந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். நடுவுல ஒரு நாள் விட்டவங்களுக்கு பெருசா எதுவும் கெட்டுப் போகலையாம். எனக்கு அந்தக் கடைசி வரி ரொம்ப புடிச்சது, ஏன்னா நம்ம ஆளுங்க ஒரு நாள் விட்டா போச்சு எல்லாம் போச்சுன்னு அடுத்த ஜனவரிக்கு தள்ளிருவாங்க. மாசத்துல ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு துஷ்டி வராத வீடு மதுரைல எங்க இருக்கு, விடத்தான் செய்யும்.

புது வருஷ சபதத்த கிண்டல் பண்றவங்க ஒரு கூட்டம் இருக்கு, அதெல்லாம் ஒரு வாரம்தான்னு. அவங்களுக்கும் அவ ஒரு கணக்கு வச்சுருந்தா. ஜான் நார்க்ராஸ்னு ஒரு பேராசிரியரும் கூட இருந்தவங்களும் 2002ல வெளியிட்டது, சபதம் எடுத்தவங்களயும் அதே மாதிரி மாறணும்னு ஆசை இருந்தும் இப்ப வேண்டாம்னு இருந்தவங்களயும் ஆறு மாசம் கழிச்சு கேட்டாங்க. எடுத்தவங்கள்ல 46 சதவீதம் இன்னும் விடாம இருக்கேன்னாங்க, எடுக்காதவங்கள்ல 4 சதவீதம். தானா வாய் விட்டு சொன்ன பதில்தான, கொஞ்சம் கூட்டிக் குறைச்சு இருக்கும்னு நான் நினைக்கிறேன், கணக்கெழுதுற புத்தி. இருந்தாலும் 46க்கும் 4க்கும் நடுவுல நிறைய தூரம் இருக்கு.

எனக்கு இதுல பயம் ஒண்ணே ஒண்ணுதான், பிப்ரவரி சீட்டுப் பணம். 30,000 ரூபா கையில மொத்தமா வர்றப்ப வீட்ல எல்லாருக்கும் எல்லாம் ஞாபகம் வரும். மாமியாருக்கு கண்ணாடி மாத்தணும், வண்டிக்கு டயரு, எங்க நாத்தனா வீட்டு விசேஷத்துக்கு மொய். நியாயமான செலவுதான் எல்லாமே, அதுதான் சிக்கலே. அதனால சீட்டு நடத்துற அக்காகிட்ட இப்பவே சொல்லி வச்சாச்சு, பணத்த வீட்டுக்குக் கொண்டாந்து தராதீங்க, காலைல பேங்க் வாசலுக்கு வாங்க, அங்கயே வாங்கி அங்கயே லோன்ல கட்டிருவோம்னு. அந்த அக்கா சிரிச்சுட்டு, உன் வீட்டுக்காரருக்கு தெரியுமாடின்னு கேட்டுச்சு. அவர்தான்க்கா யோசனையே சொன்னாருன்னேன். கண்ணாடிய மட்டும் ஜனவரி சம்பளத்துல தனியா எழுதியிருக்கேன், அது தள்ளிப் போடுற விஷயம் இல்ல, கறி போடாத ஞாயித்துக்கிழமை ரெண்டு கூட வந்தா வந்துட்டுப் போகுது.

வளையல் லோன் கெடு ஆகஸ்ட்ல வருது, கிட்டத்தட்ட ஆவணி. அத பத்தி இப்ப ஒரு வரியும் எழுதல. செயின் கழுத்துக்கு வந்ததும் அழகர் ஆத்துல இறங்குறத பாத்துட்டு, மறுவாரம் நோட்ட எடுக்குறது.

இந்த வீட்ல வருஷ பிளான் போட்ட ஒரே ஆளு என் மகன்தான். பத்தாவது படிக்கிறான், இந்த வருஷம் பப்ளிக். சார்ட் பேப்பர் வாங்கி ஸ்கெட்ச் பென்ல கலர் கலரா எழுதி பீரோல ஒட்டிட்டான், ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை தினமும் காலை 4 மணிக்கு எழுதல்னு. எழுதல்னா எழுதுறதா எந்திரிக்கிறதான்னு கேட்டேன், ரெண்டும்தான்ம்மான்னான். டிசம்பர் 31 வரைக்கும் எதுக்குடா, பரீட்சையே ஏப்ரலுக்குள்ள முடிஞ்சிருமேன்னேன். முழிச்சான். ஸ்கெட்ச் பென்ன வாங்கி டிசம்பர் 31ஐ அடிச்சுட்டு பொங்கல் வரைக்கும்னு எழுதினேன், 4 மணிய 5 ஆக்கினேன், நான் கோலம் போட எந்திரிக்கிறப்ப உன்னையும் எழுப்புறேன், வாசல் லைட் எரியுறப்ப நீ கணக்க எடுத்து உக்காரு, அம்புட்டுதான்னேன்.

கொஞ்ச நேரம் சார்ட்டயே பாத்துட்டு இருந்தான்.

"அப்ப பொங்கலுக்கு அப்புறம் தூங்கலாமாம்மா?"

"மாட்டுப் பொங்கல் வரைக்கும் தூங்கு. அப்புறம் உக்காந்து பேசுவோம்."

"அலங்காநல்லூர் அதுக்கு மறுநாள்ம்மா."

"சரி, அதையும் பாத்துட்டே வா."